வட்ட டிஎன்ஏ எப்படி இரட்டிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் படிப்பவர்கள், ஆய்வகத்தில் புதிதாகப் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக நகலாகும் சிறு டிஎன்ஏ வளையம்) கையாளத் தொடங்குபவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவையே எடுத்திருக்கிறோம். இந்த விஷயத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்டது அதுதான். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. வட்ட டிஎன்ஏன்னா நிஜமாவே வட்டமா இருக்குமா? எதுலெல்லாம் இருக்கு?

வட்டம் என்பது அதன் வடிவத்தைச் சொல்வதல்ல. இரண்டு இழைகளும் எங்கும் அறுபடாமல் தம்மோடு தாமே சேர்ந்து மூடியிருக்கின்றன, முனை கிடையாது, அவ்வளவுதான் பொருள். செல்லுக்குள் அது முறுக்கி மடிந்து திணிக்கப்பட்டுத்தான் கிடக்கும். ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் எம்ஜி1655 என்ற ஈ. கோலை வகையின் குரோமோசோமில் 46,41,652 கார இணைகள் உள்ளன (இரு இழைகளிலும் எதிரெதிரே ஜோடி சேரும் எழுத்துகள்தான் கார இணை). நீட்டிப் பிடித்தால் சுமார் 1.6 மி.மீ. வரும். அதைச் சுமக்கும் செல்லின் நீளமோ ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர்.

பெரும்பாலான பாக்டீரியாக்களின் குரோமோசோம், பிளாஸ்மிட்டுகள், நமது மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ, பாப்பிலோமா வைரஸ், எஸ்வி40 போன்ற வைரஸ்களின் டிஎன்ஏ எல்லாம் வட்டம். விதிவிலக்கும் உண்டு: ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவுக்கும், லைம் நோய் தரும் பொரீலியாவுக்கும் குரோமோசோம் நேர்கோடாகத்தான் இருக்கிறது. 'பாக்டீரியா என்றால் வட்டம்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம்.

2. வட்டத்துக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. அப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கும்?

எங்கு வேண்டுமானாலும் ஆரம்பிக்காது. ஈ. கோலையில் அதற்கென்று ஒரே ஓர் இடம் உண்டு. பெயர் ஓரி-சி, நீளம் சுமார் 245 கார இணைகள். அதற்குள் இரண்டு வகைத் தொடர்கள் இருக்கின்றன. ஒன்பது எழுத்துத் தொடர்கள் சில. இவற்றில் டிஎன்ஏ-ஏ என்ற புரதம் வந்து அமரும். இவற்றுக்கு ஒரு பக்கத்தில் பதின்மூன்று எழுத்துத் தொடர்கள் மூன்று. இவற்றில் அடினைனும் தைமினும் அதிகம் என்பதால் இழைகள் எளிதில் பிரியும்.

ஏடிபி ஏற்றிய டிஎன்ஏ-ஏ போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் பதின்மூன்று எழுத்துப் பகுதி திறக்கிறது. இழைகளைப் பிரிக்கும் நொதிக்கு ஹெலிக்கேஸ் என்று பெயர். டிஎன்ஏ-பி என்ற ஹெலிக்கேஸ் ஆறு துணை அலகுகள் சேர்ந்த வளையம். தானாக இழையில் ஏறாது. டிஎன்ஏ-சி என்ற புரதம் அதை ஏற்றிவிட்டு விலகும். ஏற்றப்படுவது ஒன்றல்ல, இரண்டு ஹெலிக்கேஸ்கள், எதிரெதிர்த் திசை பார்த்து. இருதிசை இரட்டிப்பு என்பது இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

3. தீட்டா (θ) எழுத்து மாதிரி படம் போடறாங்களே, அது எங்கேர்ந்து வந்தது? எப்படி வரையணும்?

ஜான் கெய்ர்ன்ஸ் 1963இல் வெளியிட்ட படங்களிலிருந்து. கதிர்வீசும் டிரிட்டியம் ஏற்றிய தைமிடினைக் கொடுத்து ஈ. கோலையை வளர்த்து, செல்லை மென்மையாகக் கரைத்து, வெளிவந்த டிஎன்ஏவைப் புகைப்படப் பூச்சின்மேல் நீண்ட நாள் வைத்தார். கிடைத்த சுவடுகளில் வளையத்துக்குள் வளையம் தெரிந்தது. ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து இரண்டு சந்திப்புகளும் நகர்கின்றனவா, ஒன்றுதான் நகர்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இரண்டுமே நகர்கின்றன என்பது 1970களின் தொடக்கத்தில்தான் உறுதியானது.

வரையும்போது மூன்று வளைவுகள் வரும். அவற்றில் இரண்டு ஒரே நீளமாக இருக்க வேண்டும். அவைதான் நகலான பகுதி. மூன்றாவது வளைவு இன்னும் நகலாகாத பகுதி, எந்த நீளமும் இருக்கலாம். மூன்றையும் மூன்று நீளத்தில் வரைந்தால் படம் தவறு. நகலான ஒவ்வொரு வளைவிலும் ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை என்பதையும் வண்ணம் மாற்றிக் காட்டுங்கள்.

4. கவையில என்னென்ன நடக்குதுன்னு வரிசையா சொல்லுங்க.

இரு இழைகளும் பிரியும் அந்தப் பிளவுதான் கவை. முன்னால் டிஎன்ஏ-பி ஹெலிக்கேஸ் இழைகளைப் பிரித்துக்கொண்டே போகும். பிரிந்த ஒற்றை இழை மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி எஸ்எஸ்பி புரதம் அதை மூடும். புதிய இழையைக் கட்டும் நொதியான பாலிமரேஸுக்குத் தானாகத் தொடங்கத் தெரியாது. ஏற்கெனவே உள்ள இழையின் 3' முனையில் (புதிய எழுத்து ஒட்டக்கூடிய முனை) சேர்க்க மட்டுமே முடியும். அதனால் டிஎன்ஏ-ஜி என்ற பிரைமேஸ் பத்துப் பன்னிரண்டு எழுத்து நீளத்தில் ஓர் ஆர்என்ஏ பிரைமர் போட்டுத் தரும். அதிலிருந்து பாலிமரேஸ் III தொடரும். பீட்டா கவ்வி என்ற வளையப் புரதம் அதை இழையோடு பிடித்து வைத்திருப்பதால் ஆயிரக்கணக்கான எழுத்துகள் விலகாமல் ஓட முடிகிறது.

கவை போகும் திசையிலேயே வளரும் முந்தும் இழை ஒரே ஓட்டமாக வளரும். எதிர்த்திசையில் வளர வேண்டிய பின்தங்கும் இழை 1000 முதல் 2000 எழுத்து வரையிலான ஒக்கசாகித் துண்டுகளாக வளரும். பிறகு பாலிமரேஸ் I ஆர்என்ஏவை அரித்து அந்த இடத்தை டிஎன்ஏவால் நிரப்பும். எஞ்சும் வெட்டை லிகேஸ் ஒட்டும். ஈ. கோலையின் லிகேஸ் இதற்கு என்ஏடி பயன்படுத்துகிறது. ஆய்வகத்தில் நாம் வாங்கும் டி4 லிகேஸுக்குத்தான் ஏடிபி வேண்டும். தேர்வில் இரண்டையும் குழப்புபவர்கள் நிறைய.

இன்னொரு தவறு இதைவிட அதிகம் வருகிறது: ஒரு பழைய இழை முழுக்க முந்தும் இழைக்கு அச்சு, மற்றது முழுக்கப் பின்தங்கும் இழைக்கு அச்சு என்று வரைவது. வட்டத்தில் இரண்டு கவைகள் எதிரெதிராகப் போகின்றன. எனவே ஒரே பழைய இழை, ஓரி-சிக்கு இந்தப் பக்கம் முந்தும் இழைக்கும் அந்தப் பக்கம் பின்தங்கும் இழைக்கும் அச்சாகிறது.

5. பாலிமரேஸ் I தானே முதல்ல கண்டுபிடிச்சது? அதுவே முக்கியமானது இல்லையா?

முதலில் கண்டுபிடித்ததால் வந்த மயக்கம் அது. 1969இல் பாலிமரேஸ் I ஏறத்தாழ முழுவதும் செயலிழந்த மரபுப்பிழை கொண்ட ஈ. கோலை வகை ஒன்று கிடைத்தது. அது வளர்ந்தது, குரோமோசோமை நகலெடுத்தது. புற ஊதாக் கதிருக்கு மட்டும் சட்டென்று செத்தது. ஆகவே முதன்மை வேலை வேறொன்றுடையது என்று தேடிப் பாலிமரேஸ் IIIஐக் கண்டார்கள். அதே மரபுப்பிழைச் செல்லில் கோல்-இ1 வகைப் பிளாஸ்மிட் மட்டும் நிலைக்கவில்லை. காரணம் 11ஆம் பதிலில்.

6. முனையே இல்லாததால டெலோமியர் (குரோமோசோம் நுனி) தொல்லை இல்ல. அப்ப வட்டம்தான் சுலபம், சரிதானே?

பாதி சரி. நேர்கோட்டு டிஎன்ஏவில் கடைசி பிரைமரை எடுத்தபின் அந்த இடத்தை நிரப்ப வழியில்லாமல் நுனி குறைந்துகொண்டே வரும். வட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை. சுற்றி வந்து எப்போதும் ஒரு 3' முனை கிடைக்கும். ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு சிக்கல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வட்ட டிஎன்ஏவின் இரட்டிப்பில் தனித்துவமான நொதிகள் என்று எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்த இரண்டாவது சிக்கலைத் தீர்க்க வந்தவைதான்.

இரண்டு புரி கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் விரல் விட்டுப் புரிகளைப் பிரித்துப் பாருங்கள். பிரித்த இடத்தின் இருபுறமும் முறுக்கு இறுகிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். டிஎன்ஏவில் சுமார் 10.5 கார இணைக்கு ஒரு சுற்று. 46 லட்சத்து சொச்சத்தை 10.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.4 லட்சம் சுற்றுகள். இரு இழைகளும் இத்தனை முறை ஒன்றையொன்று சுற்றியிருக்கின்றன. நகலெடுத்து முடித்து இரண்டு வளையங்களும் பிரிய வேண்டுமானால் இதில் ஒரு சுற்றுக்கூட மிச்சம் இருக்கக் கூடாது. முனை இருந்தால் இழை சுழன்று ஓரளவாவது முறுக்கு வெளியேறும். மூடிய வளையத்தில் அறுத்தால் ஒழிய ஒரு சுற்றைக்கூடக் குறைக்க முடியாது.

அறுத்து ஒட்டுவதுதான் டோபோஐசோமரேஸ்களின் வேலை. கவைக்கு முன்னால் இறுகும் நேர்முறுக்கை டிஎன்ஏ கைரேஸ் நீக்குகிறது: இரட்டை இழையை அறுத்து, இன்னொரு துண்டு இரட்டை இழையை அந்தத் திறப்பு வழியே கடத்தி, மறுபடி ஒட்டும். ஒரு முறைக்கு இரண்டு சுற்று கழியும்; ஏடிபி செலவாகும். கவை வினாடிக்கு ஆயிரம் எழுத்து போகிறது என்றால் வினாடிக்கு 95 சுற்று கழிய வேண்டும். ஒரு கைரேஸ் மூலக்கூறால் இது ஆகாது. கவைக்கு முன்னால் பல மூலக்கூறுகள் சேர்ந்தே வேலை செய்கின்றன. முறுக்கில் கொஞ்சம் கவையோடு சேர்ந்து சுழன்று பின்பக்கம் போய், புதிய இரட்டை இழைகள் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிவிடும். அதை டோபோஐசோமரேஸ் IV அவிழ்க்கும்.

7. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை இதுல எங்க வருது?

கைரேஸ், டோபோஐசோமரேஸ் IV இரண்டும் அறுத்து ஒட்டும் நொதிகள் என்றோமே. சிப்ரோஃப்ளாக்சசின், நாலிடிக்சிக் அமிலம் முதலிய குயினலோன்கள் அறுத்த நிலையிலேயே அவற்றை டிஎன்ஏவோடு பிடித்து நிறுத்திவிடும். நொதி வேலை செய்யாமல் போவது மட்டுமல்ல, கவை வந்து அதில் மோதி அந்த இடம் நிரந்தர முறிவாக மாறுகிறது. செல் சாவது இதனால்தான். ஈ. கோலை போன்ற கிராம் எதிர்மறை பாக்டீரியாவில் முதல் இலக்கு கைரேஸ். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் பெரும்பாலும் டோபோஐசோமரேஸ் IV. நோவோபயோசின் வேறு வகை: அது கைரேஸின் ஏடிபி இடத்தை அடைக்கிறது, முறிவு உண்டாக்குவதில்லை.

கைரேஸின் ஏ துணை அலகில் 83ஆம் இடத்து செரைன் மாறினாலே குயினலோன் பிடிப்பு தளர்ந்துவிடும். இந்தியாவில் டைஃபாய்டுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கைகொடுக்காமல் போய், செஃப்ட்ரையாக்சோன், அசித்ரோமைசின் பக்கம் மருத்துவர்கள் போனதற்குப் பின்னால் இந்த வகை மாற்றங்களே இருக்கின்றன.

8. ரெண்டு கவையும் எதிர்ல வந்து மோதும்போது என்ன ஆகும்?

சந்திப்பு, ஓரி-சிக்கு ஏறக்குறைய நேர் எதிரே நடக்கும். அந்தப் பகுதியில் டெர் எனப்படும் குறுந்தொடர்கள் பரவியிருக்கும்; டஸ் என்ற புரதம் அவற்றில் அமர்ந்து ஒரு திசையிலிருந்து வரும் கவையை விடும், எதிர்த்திசையில் வருவதைத் தடுக்கும். ஒரு கவை சீக்கிரம் வந்துவிட்டாலும் எல்லை தாண்டி அடுத்த பாதிக்குள் நெடுந்தூரம் போகாது. இது இல்லாவிட்டால் செல் செத்துவிடும் என்று எழுதாதீர்கள். டஸ் மரபணுவை நீக்கிய ஈ. கோலை சாதாரணமாகவே வளர்கிறது.

டஸ் இல்லாமல் சமாளிக்கலாம், ஆனால் அடுத்த வேலையைத் தவிர்க்க முடியாது. நகல் முடிந்ததும் இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகளாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். டோபோஐசோமரேஸ் IV ஒன்றை அறுத்து மற்றதை வெளியே விட வேண்டும். இது செயலிழந்த செல்லில் குரோமோசோம்கள் நகலாகியும் பிரியாமல் நடுவில் சிக்கி நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

இன்னொன்றும் நடக்கலாம். சகோதர வளையங்கள் இரண்டுக்கும் இடையே ஒற்றைப்படை எண்ணிக்கையில் மறுசேர்க்கை (டிஎன்ஏ அறுந்து ஒன்றோடொன்று மாறி ஒட்டுவது) நடந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய வளையமாகிவிடும். இங்கே டோபோஐசோமரேஸால் பயனில்லை. டிஃப் என்ற 28 எழுத்து இடத்தில் எக்ஸ்ஈஆர்-சி, எக்ஸ்ஈஆர்-டி நொதிகள் வெட்டி மாற்றி ஒட்டி இரண்டாக்கும். செல் பிரியும் இடத்தில் நிற்கும் எஃப்டிஎஸ்-கே என்ற புரதம் டிஎன்ஏவை இழுத்துத் தந்து இந்த நொதிகளைத் தூண்டுகிறது.

9. குரோமோசோம் நகலாக 40 நிமிஷம், ஆனா செல் 20 நிமிஷத்துல ரெண்டாகுது. கணக்கு இடிக்குதே?

இடிக்காது, ஆனால் நியாயமான கேள்வி. முதலில் 40 நிமிடம்: ஒவ்வொரு கவையும் போக வேண்டியது பாதி வட்டம், சுமார் 23.2 லட்சம் கார இணை. 37 டிகிரியில் வினாடிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் என்றால் 2,320 வினாடி, அதாவது 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நகல் முடிந்தபின் செல் பிரிய இன்னும் சுமார் 20 நிமிடம். மொத்தம் 60. இந்தக் கணக்கைக் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968இல் வகுத்துத் தந்தார்கள்.

செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு பிரிவுக்கும் 60 நிமிடம் முன்பே தொடக்கம் நடந்திருக்க வேண்டும். அதாவது இப்போது பிரியும் செல்லுக்கான நகலெடுப்பு, அதன் பாட்டி செல் பிறந்தபோதே தொடங்கிவிட்டது. முந்தைய சுற்று முடியும்வரை காத்திருக்காமல், நகலாகிக்கொண்டிருக்கும் வளையத்தின் ஓரி-சிகளில் அடுத்த சுற்று ஆரம்பிக்கும். 20 நிமிட வளர்ச்சியில் ஒரு செல்லில் சராசரியாக 8 ஓரி-சி இருக்கும். முடிவுப் பகுதி 2 மட்டுமே. விகிதம் நாலுக்கு ஒன்று.

இது வெறும் தாள் கணக்கில்லை. வேகமாக வளரும் கல்ச்சரிலிருந்து டிஎன்ஏ எடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள்: வாசிப்பு அடர்த்தி (ஓர் இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) ஓரி-சியில் உச்சம், இருபுறமும் சரிந்து முடிவுப் பகுதியில் தாழ்வு. வளர்ச்சி நின்ற கல்ச்சரில் அதே வரைபடம் தட்டையாகிவிடும். ஓரி-சி அருகில் உள்ள மரபணு 'இரட்டித்திருக்கிறது' என்று அவசரப்பட்டு முடிவுகட்டுமுன் கல்ச்சரை எந்தக் கட்டத்தில் எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

10. இத்தனை ஓரி-சி இருந்தா, ஒரே சுற்றுல ஒண்ணே ரெண்டு தடவை ஆரம்பிச்சிடாதா?

அதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள். ஓரி-சிக்குள் ஜி-ஏ-டி-சி என்ற நாலெழுத்து 11 இடங்களில் வருகிறது. டாம் என்ற நொதி அதில் அடினைனுக்கு மெத்தில் போடும். நகலானவுடன் பழைய இழையில் மெத்தில் இருக்கும், புதியதில் இருக்காது. இந்த அரைகுறை நிலையை சீக்-ஏ புரதம் அடையாளம் கண்டு ஓரி-சியை மூடி வைக்கும், செல் சுழற்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம். இரண்டாவது, நகலெடுப்பு ஓடத் தொடங்கியதும் எச்டிஏ புரதம் பீட்டா கவ்வியோடு சேர்ந்து டிஎன்ஏ-ஏ பிடித்திருக்கும் மூன்று பாஸ்பேட் ஏடிபியை இரண்டு பாஸ்பேட் மட்டும் உள்ள வடிவமாக உடைத்துவிடும். அந்த வடிவத்தால் ஓரி-சியைத் திறக்க முடியாது. மூன்றாவது, டேட்-ஏ என்ற இடம் டிஎன்ஏ-ஏவை ஈர்த்து அதே உடைப்பை அங்கும் நடத்துகிறது.

ஏற்பாடு குலைந்ததா என்று சோதிக்க நல்ல வழி உண்டு. கல்ச்சரில் ரிஃபாம்பிசினும் செஃபலெக்சினும் சேர்த்து விடுங்கள். முதலாவது புதிய தொடக்கத்தை நிறுத்தும், இரண்டாவது செல் பிரிவை நிறுத்தும், ஓடிக்கொண்டிருக்கும் கவைகள் மட்டும் ஓடி முடியும். பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் முறை) ஒரு செல்லில் எத்தனை முழுக் குரோமோசோம் என்று பார்த்தால், சாதாரணச் செல்லில் 2, 4, 8 என்றே வரும். டாம் அல்லது சீக்-ஏ பழுதானதில் 3, 5, 6, 7 எல்லாம் எட்டிப் பார்க்கும்.

11. பிளாஸ்மிட்டும் இப்படித்தானா? ஒண்ணு 5 நகல், இன்னொண்ணு 500 நகல், எப்படி?

நொதிகள் பெரும்பாலும் செல்லுடையவை. தொடக்கத்தை யார் கட்டுப்படுத்துவது என்பதில்தான் வேறுபாடு. பிஎஸ்சி101 என்ற பிளாஸ்மிட் தன் சொந்த ரெப்-ஏ புரதத்தோடு செல்லின் டிஎன்ஏ-ஏவையும் கேட்கும். செல்லுக்கு 5 நகல் அளவில் நிற்கும். கோல்-இ1 வகையோ தன் சொந்தப் புரதம் எதையும் கேட்காது. அதன் தொடக்கத்துக்கு முன்னால் ஆர்என்ஏ II என்ற நீண்ட ஆர்என்ஏ எழுதப்பட்டு டிஎன்ஏவோடு ஒட்டி நிற்கும், ஆர்என்ஏஸ் எச் அதை வெட்டிப் பிரைமராக்கும், பாலிமரேஸ் I அங்கிருந்து தொடங்கும். 5ஆம் பதிலில் சொன்ன மரபுப்பிழைச் செல்லில் இது ஏன் நிலைக்கவில்லை என்பது இப்போது புரியும். இந்த வகை ஒரே திசையில்தான் நகலாகும்.

கட்டுப்படுத்துவது ஆர்என்ஏ I: எதிர் இழையிலிருந்து எழுதப்படும் 108 எழுத்துச் சிற்றார்என்ஏ. ஆர்என்ஏ IIவோடு பிணைந்து அது பிரைமராவதைக் கெடுக்கும். பிளாஸ்மிட் கூடினால் ஆர்என்ஏ I கூடும், தொடக்கம் குறையும். ராப் என்ற புரதம் அந்தப் பிணைப்பை உறுதியாக்கும். பிபிஆர்322இல் ராப் உண்டு, 15 முதல் 20 நகல். பியுசி19இல் ராப் இல்லை, கூடவே ஆர்என்ஏ IIவில் ஓர் எழுத்து மாற்றம். நகல் 500ஐத் தாண்டும். அந்த மாற்றத்தின் பலன் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் வளர்த்துவிட்டு 'பியுசியில் விளைச்சல் குறைகிறது' என்று கிட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

12. குளோராம்பெனிக்கால் போட்டா பிளாஸ்மிட் பெருகும்னு பழைய நெறிமுறைல இருக்கே, நிஜமா?

கோல்-இ1, பிபிஆர்322 வகைக்கு நிஜம். புரத உற்பத்தி நின்றால் குரோமோசோமின் புதிய தொடக்கம் நிற்கும். கோல்-இ1 வகைக்குத் தேவையான நொதிகள் ஏற்கெனவே செல்லில் இருப்பதால் அது மட்டும் மணிக்கணக்கில் பெருகிக்கொண்டே போய் ஆயிரத்தைத் தாண்டும். வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 170 மைக்ரோகிராம், ஓர் இரவு.

பிஎஸ்சி101இல் பலிக்காது, அதற்குப் புதிதாகப் புரதம் வேண்டும். குளோராம்பெனிக்கால் எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டிலும் பலிக்காது, மருந்தையே செல் செயலிழக்கச் செய்துவிடும். பியுசி வகைக்குத் தேவையே இல்லை.

13. ஜெல்லுல ஒரே பிளாஸ்மிட் மூணு பட்டையா வருது. கலப்படமா?

பெரும்பாலும் இல்லை. அறுபடாத வளையம் மீமுறுக்கோடு (முறுக்கின்மேல் முறுக்கு) சுருண்டு இருப்பதால் சாதாரண 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் முன்னால் ஓடும். இரு இழைகளிலும் ஒரே இடத்தில் வெட்டு விழுந்த நேர்கோடு அடுத்து. ஒரே இழையில் மட்டும் வெட்டு விழுந்து முறுக்கு தளர்ந்த வளையம் கடைசியில். அகரோஸ் அளவும் மின்னழுத்தமும் மாறினால் இந்த வரிசையும் மாறலாம். ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் ஓட்டும் அளவுகோலில் உள்ளவை நேர்கோட்டுத் துண்டுகள் என்பதால் வெட்டாத பிளாஸ்மிட்டின் நீளத்தை அதோடு ஒப்பிட்டுச் சொல்லக் கூடாது. ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டுங்கள். மூன்றும் ஒரே பட்டையானால் கலப்படம் இல்லை.

மீமுறுக்குப் பட்டைக்கும் முன்னால் மங்கலாக ஒன்று ஓடி, எந்த நொதியாலும் வெட்டுப்படாமல் இருந்தால், பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுக்கும்போது காரக் கரைசலில் அதிக நேரம் விட்டுவிட்டீர்கள். காரக் கரைப்பு முறையே 6ஆம் பதிலில் சொன்ன சுற்றுப் பிணைப்பின்மேல்தான் நிற்கிறது: 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் இழைகள் பிரிந்தாலும் மூடிய வளையத்தின் இரு இழைகளும் ஒன்றையொன்று விட்டுப் போக முடியாது. நடுநிலையாக்கியதும் சட்டெனச் சேர்ந்துகொள்ளும். உடைந்த குரோமோசோம் துண்டுகளுக்கு அது முடியாமல் வீழ்படிவோடு போய்விடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பிளாஸ்மிட்டும் ஒழுங்காகச் சேராமல் போகும். அந்தக் கட்டத்தில் வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்கினால் குரோமோசோம் சிறு சிறு துண்டாகிப் பிளாஸ்மிட்டோடு கலந்துவிடும். குழாயை மெதுவாகத் தலைகீழாக்கினால் போதும்.

14. ஆன்டிபயாடிக் இல்லாம வளர்த்தா பிளாஸ்மிட் போயிடுமா? ஒரே செல்லுல ரெண்டு பிளாஸ்மிட் வைக்கலாமா?

பிரியும் நேரத்தில் 20 நகல்கள் தனித்தனியாக இருந்து, எதேச்சையாக இரு பக்கமும் பங்கிடப்பட்டால், ஒரு மகள் செல் வெறுங்கையோடு போக வாய்ப்பு 2இன் 19ஆம் அடுக்கில் ஒன்று, அதாவது ஐந்து லட்சத்துக்கு ஒன்று. ஆனால் மறுசேர்க்கையால் நான்கு நான்காக ஒட்டிப் பெரிய வளையங்களானால் பங்கிட 5 அலகுதான் மிச்சம். வாய்ப்பு 16க்கு ஒன்றாகிவிடும். இயற்கையான கோல்-இ1 இதைத் தவிர்க்கச் சேர் என்ற இடம் வைத்திருக்கிறது, 8இல் பார்த்த அதே எக்ஸ்ஈஆர் நொதிகள் அங்கே வெட்டிப் பிரிக்கும். குளோனிங் பிளாஸ்மிட்டுகள் பலவற்றில் சேர் இல்லை. அதனால்தான் மறுசேர்க்கை முடியாத டிஎச்5 ஆல்ஃபா போன்ற செல்களில் வைக்கிறோம்.

இரண்டு பிளாஸ்மிட் வைக்கலாம், தொடக்க வகை வேறாக இருந்தால். பியுசியும் பிபிஆர்322ம் ஒரே ஆர்என்ஏ I குடும்பம். ஒன்றின் கட்டுப்பாடு மற்றதையும் அடக்கி, சில தலைமுறையில் ஒன்று காணாமல் போகும். பி15ஏ தொடக்கம் கொண்ட பிஏசிஒய்சி184ஐத் துணைக்குப் போட்டால் இரண்டும் நிற்கும்.

15. ரோலிங் சர்க்கிள்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எங்க நடக்கும்?

ஃபை-எக்ஸ்174, எம்13 போன்ற பாக்டீரியா வைரஸ்களிலும், பிடி181 போன்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் பிளாஸ்மிட்டுகளிலும். ஃபை-எக்ஸ்174இன் 5,386 எழுத்து வளையத்தை எடுத்துக்கொள்வோம். வைரஸின் ஏ புரதம் ஒரே ஓர் இழையை ஒரே இடத்தில் வெட்டி, 5' முனையில் தன்னையே பிணைத்துக்கொள்ளும். விடுபட்ட 3' முனையிலிருந்து பாலிமரேஸ் நேராகத் தொடரும், அந்த இழைக்குப் பிரைமர் வேண்டாம். வளையத்தைச் சுற்றி வரும்போது பழைய இழை உரிந்து வெளியேறும். ஒரு முழுச் சுற்று முடிந்ததும் வெட்டி ஒட்டி ஒற்றை இழை வளையமாக விடப்படும். எஃப் பிளாஸ்மிட் அடுத்த செல்லுக்குத் தாவுவதும் இதே பாணிதான்.

ஆய்வகத்தில் ஃபை29 பாலிமரேஸ் வைத்து 30 டிகிரியில் இரவு முழுக்க வட்ட டிஎன்ஏவைப் பெருக்குவது இதன் செயற்கை வடிவம். 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நொதியை நிறுத்தலாம். விளைபொருள் நீளமான, கிளைத்த தொடர். அப்படியே ஜெல்லில் ஏற்றினால் குழியிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை வெட்டும் நொதியால் வெட்டியபின் ஓட்டுங்கள்.

16. மைட்டோகாண்ட்ரியாவும் வட்டம்தானே, ஈ. கோலை மாதிரியே நகலாகுமா?

இல்லை, வழி வேறு. மனித மைட்டோகாண்ட்ரியா வளையம் 16,569 கார இணை. பாலிமரேஸ் காமா, ட்விங்கிள் ஹெலிக்கேஸ், அதற்கென்று தனி எஸ்எஸ்பி. பிரைமர் போடுவது பிரைமேஸ் அல்ல, மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸே. இந்த வளையத்தின் இரு இழைகளை கன இழை, மெல்லிழை என்பார்கள். பெரிதும் ஏற்கப்பட்ட மாதிரியில் கன இழையின் நகல் முதலில் தனியாகத் தொடங்கி, மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனபின்தான் மெல்லிழையின் தொடக்க இடம் ஒற்றை இழையாகத் திறந்து வளைந்து கொக்கியாகும். அப்போதுதான் எதிர்த்திசையில் அடுத்த நகல் தொடங்கும். இரண்டும் தொடர்ச்சியாகவே வளர்வதால் ஒக்கசாகித் துண்டுகள் தேவைப்படுவதில்லை. இரு இழையும் சேர்ந்து நகலாகும் மாதிரிக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

செல் சுழற்சிக்கு இது கட்டுப்பட்டதல்ல. பிரியாத நரம்புச் செல்லிலும் நடந்துகொண்டே இருக்கும். பழைய எச்ஐவி மருந்தான ஸ்டாவுடின் பாலிமரேஸ் காமாவையும் தடுத்ததால் கைகால் நரம்பு எரிச்சலும் கொழுப்பு கரைதலும் வந்தன. பாலிமரேஸ் காமாவின் மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு வால்புரோயேட் கொடுத்தால் கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து உண்டு.

17. செல்லுக்குள்ள இருக்கிற எல்லா வட்ட டிஎன்ஏவும் தன்னைத்தானே நகலெடுக்குமா?

எடுக்காது. ஹெபடைடிஸ் பி வைரஸ் நல்ல உதாரணம். சுமார் 3,200 எழுத்து நீளமுள்ள அதன் டிஎன்ஏ துகளுக்குள் இருக்கும்போது முழுதாக மூடாத வளையம்; ஓர் இழை குறைப்பட்டிருக்கும். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போனதும் செல்லின் பழுதுநீக்கும் நொதிகளே அதை நிரப்பி மூடிய வளையமாக்கித் தருகின்றன. அந்த மூடிய வளையம் தீட்டாவாகவும் நகலாவதில்லை, உருண்டும் நகலாவதில்லை. அது அச்சாக மட்டுமே இருக்கும்: செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ் II அதிலிருந்து முழுநீளத்தைவிடச் சற்றே நீண்ட ஓர் ஆர்என்ஏ எழுதும், வைரஸின் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி அதை மறுபடி டிஎன்ஏவாக்கும்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் அந்தக் கடைசிப் படியைத் தடுக்கின்றன. இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும். உட்கருவில் ஏற்கெனவே மூடியிருக்கும் வளையத்தை அவை தொடுவதில்லை. அதனால்தான் நோயாளி தானாக மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்பி வருகிறது.